மாடசாமியின் மேல் பஞ்சமம்

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஜெயரட்ணம். குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், இந்தத் தூளைக் கொஞ்சம் கூடுதலாகவே புளிக்கவிட்டிருக்கிறார்கள். பதுளையில் உட்கார்ந்துகொண்டு இப்படியொரு தேநீரைக் குடிக்கிறோமே என்று எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

நான் பசறைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் டீமேக்கர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. பச்சைக் கொழுந்து உள்ளே வந்தது முதல் தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை அதற்குத் தாயும் தகப்பனும் நான்தான். தோட்டத்தை நடத்தும் துரைகூடத் தொழிற்சாலை விஷயத்தில் மூக்கை நுழைக்கமாட்டார். மாடசாமி விஷயத்தில் நான் ஏதோ தெரியாத்தனமாக நடந்துகொண்டேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாடசாமி எங்கள் தொழிற்சாலையில் தூளை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். தோட்டத்துப் பஜனைக் கோஷ்டிக்கும் அவன்தான் பாட்டுக்காரன். கனமான, நல்ல குரல். ஆனால் மேலே போனால் காந்தாரத்தோடு நின்றுவிடும். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னையாவோ பதுளைக் கோயில் தேர் அன்று, நாலு கட்டைச் சுருதியில், மேல் பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு இறங்காமல் நிற்பான். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அந்தத் தோட்டத்துத் தூளுக்கும் கொழும்பு ஏலத்தில் எங்களைவிட விலை கூட. தூளிலும் தோற்று, பாட்டிலும் தோற்றால், ஒரு டீமேக்கர் எந்த முகத்தோடு பசறைக் கடைத்தெருவில் நடப்பது? ஐம்பத்தைந்தாம் வருடத் தேர் முடிந்து வரும்போது பஸ்ஸில் எனக்குச் சோறுகூட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு அவமானம்.

மாடசாமிக்கும் ஆசை இருந்தது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அண்ணன் குடும்பமும் அவன் குடும்பமும் ஒரே காம்பராவில், அந்த ஒற்றை அறைக்குள், நடுவே சாக்கைத் தொங்கவிட்டுக் குடியிருந்தார்கள். அடுத்த தேருக்குப் பொன்னையாவை மிஞ்சினால் துரையிடம் பேசித் தனிக் காம்பரா வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

“ஐயா சொன்னா சரிதாங்க. எப்படியாச்சும் மேல ஏறணும், அம்புட்டுதான்,” என்றான்.

சம்மதமில்லாமல் நான் எதையும் செய்யவில்லை.

முதலில் ஊரில் சொல்கிற வழிகளையெல்லாம் பார்த்தோம். மிளகு, கற்கண்டு, விடியற்காலையில் ஓடைத் தண்ணீரில் கழுத்தளவு நின்று சாதகம். சளிதான் பிடித்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பச்சைக் கொழுந்தைக் கடித்துப் பாருங்கள், வெறும் கசப்பு. மணம், நிறம், சுவை எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. ஈரம் அவற்றை அமுக்கி வைத்திருக்கிறது. குரலும் அப்படித்தான். இத்தனை காலமாக இது ஒரு வித்துவானுக்கும் தோன்றவில்லை என்றால், அவர்கள் யாரும் தொழிற்சாலைக்குள் கால் வைக்கவில்லை என்பதுதான் காரணம்.

ஆகவே அவனை மேல்மாடியில் வாடப் போட்டேன். கொழுந்து பரப்பும் சாக்குத் தட்டில், கொழுந்துக்குப் பக்கத்திலேயே. காற்றாடி ஓடியது. தண்ணீர் கொடுக்கவில்லை. வாடுகிற பொருளுக்கு யாராவது தண்ணீர் தெளிப்பார்களா? வேலைக்காரர்கள் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் செய்வதைக் கேட்கும் பழக்கம் அங்கே இல்லை. அவ்வப்போது போய், கொழுந்தைப் பிடித்துப் பதம் பார்ப்பதுபோல அவன் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தேன்.

“ஐயா, ஒரு வாய் தண்ணி,” என்றான்.

“இன்னும் வாடேல்லை, மாடசாமி. கொஞ்சம் பொறு,” என்றேன்.

சுருதிப் பெட்டியை வைத்துப் பாடச் சொன்னேன். குரல் மெலிந்து, காந்தாரத்தைத் தாண்டி மத்திமத்தைத் தொட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது ரோலர், வாடிய கொழுந்தைப் போட்டுப் பிசையும் இயந்திரம். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அவனை ரோலரில் போட நான் நினைக்கவே இல்லை. மனிதனுக்கும் கொழுந்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான். கையாலேயே பிசைந்துவிட்டேன். பிறகு கீழே, கொழுந்தைப் புளிக்கவிடும் சீமெந்துத் தரையில் படுக்கவைத்து ஈரத்துணியால் மூடினேன். கொழுந்து புளிக்கும்போது தானாகச் சூடேறும். மாடசாமியும் ஏறினான். தொட்டால் கை பொறுக்கவில்லை. இராக்கம்மா, அவன் மனைவி, அதைக் காய்ச்சல் என்றாள். படிக்காத பெண், அவளைக் குறை சொல்ல முடியாது.

கஞ்சிச் சட்டியோடு வந்திருந்தாள். நான் உள்ளே விடவில்லை. கதவடியில் நின்றபடியே சொன்னாள்:

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. அவரு தொண்டையில ஒரு கொறையும் இல்லீங்க. நீங்கதான் பெட்டிய ஒசத்தி வைக்கிறீங்க. ரெண்டு கட்டை எறக்கி வச்சுப் பாருங்க, நீங்க சொல்ற அந்த எடத்துக்கு அவரு சிரிச்சுக்கிட்டே போயிருவாரு. வூட்டுல அப்படித்தான பாடுறாரு.”

நான் யோசிக்காமல் இல்லை. அவள் சொன்னது கணக்குப்படி சரிதான். ஆனால் பொன்னையா நாலு கட்டையில் பாடும்போது நாங்கள் இரண்டு கட்டையில் பாடுவதா? ஏலத்துக்குப் போய் நாமே விலையைக் குறைத்துக் கேட்பது போலல்லவா அது? இதைப் பொறுமையாக அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே போனாள். கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீணாக்கக் கூடாதென்று நான் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. கடைசிக் கட்டமான உலர்த்தலுக்கு அதுதான் வசதி. அடுப்புக்குப் பின்னால் காற்றுச் சூடாகும் அறை ஒன்று இருக்கிறது, சாம்பல் வாருவதற்கு ஆள் நுழையும் அளவுக்கு இரும்புக் கதவும் உண்டு. மாடசாமியால் நடக்க முடியவில்லை. தோளில் சாய்த்துக் கூட்டிப்போனேன். அந்த அறையை அவன் நன்றாக அறிந்தவன், வாசலில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“தனிக் காம்பரா நிச்சயந்தானுங்களே, ஐயா?”

“நிச்சயம்,” என்றேன். சொன்ன சொல்லை நான் மீறவில்லை. நேற்றே துரையிடம் பேசினேன். இராக்கம்மாவின் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்துவிட்டதால் இருக்கிற இடமே போதும் என்றார். அது துரையின் முடிவு, என்னுடையது அல்ல.

கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில் இருப்பதைப் பற்றி உங்கள் சார்ஜன்ட் திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டும்போதே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். போட்டது நான். விறகு போடுகிறவன் உள்ளே இருந்ததால் விறகையும் நானே போட வேண்டியிருந்தது. அந்த வேலை இவ்வளவு சிரமமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெட்டியை நாலு கட்டையில் வைத்துவிட்டுக் கதவருகே உட்கார்ந்தேன். கீழ் ஸட்ஜத்திலிருந்து ஒழுங்காக ஏறி வந்தான். மேல் காந்தாரம், மத்திமம். பிறகு, நம்புங்கள், மேல் பஞ்சமம். கம்பி போல நின்றது. பொன்னையாவின் பஞ்சமம் அதன் கால்தூசுக்கும் வராது. அங்கிருந்து ஸ்வரத்தை விட்டுவிட்டு, “ஐயா, ஐயா” என்று சாகித்தியத்துக்கு மாறினான். நான் தடுக்கவில்லை. குரல் இன்னும் ஏறியது. இந்த மலைநாட்டில் எந்த மனிதனும் அவ்வளவு உயரம் பாடி நான் கேட்டதில்லை. அதற்கு மேலும் ஒரு ஸ்வரம் அவனிடம் மிச்சம் இருப்பதாக எனக்குப் பட்டது. இன்னொரு விறகு வைத்தேன்.

கதவைத் தட்டினானா என்று கேட்கிறீர்கள். தட்டினான். தாளம் போடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். காலப்பிரமாணம் சரியாக இல்லை, ஓடிக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன்.