சாணைக்காரர் செயினை மாற்றவில்லை

என் பெயரும் விலாசமும் நேற்று நான் கொடுத்த புகாரில் உள்ளபடியே. வயது ஐம்பத்து மூன்று. விறகும் பழைய மரமும் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். தள்ளுவண்டியில் ஆரம்பித்த தொழில். யாரிடமும் ஏமாறாதவன் என்று சந்தையில் எனக்குப் பேர். இன்று காலை மனைவியுடன் காவல் நிலையத்துக்கு நானாகவே வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

என் கடையில் மரம் அறுக்கும் செயின் ரம்பம் ஒன்று உள்ளது. அதன் புதுச் செயின் மழுங்கியதால், செயினை மட்டும் கழற்றி, சந்தையில் அரம் போட்டுத் தீட்டித் தரும் சாணைக்காரரிடம் கொடுத்தேன். நேற்று மதியம் அதை வாங்கி வந்து நானே மாட்டினேன். அதன் பிறகு ஒரு கட்டையில் வைத்தபோது அறுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். புகைதான் வந்தது. புதுச் செயினை அமுக்கிக்கொண்டு பழையதைத் தலையில் கட்டிவிட்டார் என்று நானே முடிவுகட்டி, அதன் பிறகு அவர் கடைக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் திருடன் என்று கத்தி, சட்டையைப் பிடித்தேன். அவர், "எப்படி மாட்டுனீங்கண்ணே? மிஷினக் கொண்டாங்க, பாத்துரலாம்" என்றார். "எனக்கே மாட்டக் கத்துக்குடுக்கறியா?" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதன் பிறகு இங்கு வந்து புகார் கொடுத்தேன். அவரைக் கூட்டி வந்து உட்கார வைத்தீர்கள்.

இன்று காலை கடை திறந்ததும் ரம்பத்தைத் துடைக்க எடுத்த என் மனைவி, "ஏங்க, மேல் பல்லெல்லாம் உங்களப் பாத்துல்ல இருக்கு? முன்னாடி பாத்தாத்தானே மரத்தக் கடிக்கும்?" என்றாள். செயினைத் திசை மாற்றி மாட்டியிருந்தேன். கையுறை போட்டு, மூடியைக் கழற்றி, சரியாகத் திருப்பி மாட்டி, தொய்வில்லாமல் இறுக்கி, அதே கட்டையில் வைத்தேன். வாழைத்தண்டு மாதிரி அறுந்தது.

அப்போது நான் நினைத்ததையும் மறைக்கவில்லை. சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லிப் புகாரைத் திரும்ப வாங்கினால் அவரும் வீட்டுக்குப் போவார், என் பேரும் கெடாது என்று கணக்குப் போட்டு, அதை மனைவியிடம் சொன்னேன். அவள், "அப்ப அவர் திருடினதாவே ஆயிடும். நீங்க பெரிய மனசு பண்ணி விட்டதாவும் ஆயிடும். ரெண்டு பக்கமும் லாபமா உங்களுக்கு?" என்றாள். 

அதன் பிறகு இங்கு வந்தேன். சாணைக்காரர் இன்னும் பெஞ்சில் இருந்தார். சட்டையில் நான் பித்தானைப் பிய்த்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர், "மாத்தி மாட்டிட்டு அழுத்துனீங்களா? மிஷின் துள்ளியிருந்தா மூஞ்சி போயிருக்குமேண்ணே" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. அதற்குமேல் என்னிடம் பேசவும் இல்லை.

நான் கத்திய அதே இடத்தில், கூட்டம் இருக்கும்போது, உண்மையை நானே சத்தமாகச் சொல்வேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். முடிவில் 'இரு தரப்பும் சமாதானம்' என்று நீங்கள் எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, 'அவர் திருடவில்லை' என்று எழுத வைத்தேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)