மேனேஜர் முட்டிய கோடு

மேடையில் இருக்கும் ஓவிய ஆசிரியர்களே, பட்டறைத் தோழர்களே, இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மாவைப் பற்றிக் கண்டதைக் கண்டபடியே சொல்வேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன்.

இந்த நினைவுக் கூட்டத்தின் அழைப்பிதழில் 'கோட்டரசி' என்று போட்டிருக்கிறீர்கள். பட்டறையில் அவர் கீறலக்கா. அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவார். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும் மை தாளில் இறங்கும். இவ்வளவுதான் வேலை. ஆனால் அவருடைய ஆடு மேய்ந்தால் புல் இழுபடுவது தெரியும்! அவருடைய குதிரை சும்மா நின்றாலும், இதோ புறப்படப்போகிறது என்று தெரியும்! அவருடைய மலையைப் பார்த்தாலே நமக்கு மூச்சு வாங்கும்!

இந்த மேசைமேல் இருப்பது அவருடைய கடைசித் தகடு. இன்னும் அச்சிடவில்லை. மலைச்சரிவில் முயல்கள். ஒரு முயலின் காதில் கிளம்பிய நீளக் கோடு ஒன்று, மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வானத்தில் போய் முடிகிறது. அதைத் தேய்த்து அழித்துவிடலாம் என்று இன்று காலை அச்சுக்கார மாமா சொன்னார்.

"நோயில கை நடுங்கிடுச்சுன்னு ஊரு பேசும், பாப்பா. கீறலக்காவுக்கு அந்தப் பேரு வேணாம்."

சொல்லும்போதே மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நடுங்கிய கையா அது? இல்லை! நான் பக்கத்தில் இருந்தேன். வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்க்கிற எங்கள் பட்டறை நாய் மேனேஜரை உங்களுக்குத் தெரியும். ரொட்டித் துண்டுக்குத் தாவி, பெரியம்மாவின் முழங்கையில் முட்டிவிட்டது. ஊசி ஓடிவிட்டது.

"பாத்தியா, மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டாரு!" என்று பெரியம்மா சிரித்தார்.

அமிலத்தில் இறக்குவதற்கு முன்னால் மெழுகைத் தொட்டுப் பூசினால் கோடு மறைந்துவிடும். தூரிகையை எடுத்தார். "மூடிடலாமா பெரியம்மா?" என்று கேட்டேன். அறை விளக்கில் செம்பு கண்ணைக் கூசும். அதனால் வழக்கம்போல் அதை அணைத்தார். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவைத்து உற்றுப் பார்த்தார்.

"இருடி. நான் போட்ட முயலெல்லாம் உக்காந்திருக்கு. இது வந்தப்புறம் ஒண்ணு ஓடுது பாரு!"

தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டை அமிலத்தில் இறக்கினார். முட்டியது நாய். வேண்டுமென்றே வைத்துக்கொண்டது யார்? என் பெரியம்மா! நோய் வந்த பிறகும் எந்தக் கோடு உயிருள்ளது என்று பார்க்கத் தெரிந்த என் பெரியம்மா!

பட்டறை நிற்காது. விடுமுறை நாட்களில் மை கலக்க நான் வருவேன். படிப்பு கெடாது, அம்மா பயப்பட வேண்டாம். மாமா, உங்களிடம்தான் கேட்கிறேன். அந்தக் கோட்டோடு அச்சிடுவோமா?

மாமா எழுந்துவிட்டார். மேசை விளக்கைத் தகட்டின் பக்கம் சாய்க்கிறார். "அந்தக் கோட்டை எல்லாரும் பாக்கட்டும், பாப்பா" என்கிறார்.

பேச எழுதிவந்த மீதித் தாளை மடித்துவிடுகிறேன். முன்னால் வாருங்கள். மாமா கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டார்.