இரண்டு கையையும் தூக்கினேன்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் பட்டறை டீயை வாயில் வைக்க முடியாது. அதையும் எல்லோரும் குடித்த பிறகுதான் நான் தொடுவேன். ஃபோர்மேன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் பெரிய டிரம்களுக்கு மூடி அடிக்கிறவர்கள். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும். கை மாட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. அவசர ஆர்டர் வந்தபோது ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டினேன். முதலில் என் மெஷினில்தான். அடுத்தவனை முன்னே தள்ளிவிடுகிற ஆள் நானில்லை. அன்றே சுட்டுவிரல் போனது.

மறுநாள் கட்டோடு வந்து நின்றேன். ஒருவரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை. காய்ச்சல்காரன் லீவு கேட்கக் கூச்சப்பட்டான். எல்லா மெஷினிலும் அவர்களே டேப் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

போகப் போக பழைய மெத்தனம் தலைகாட்டியது. நடுவிரலை நானே பிரஸ்ஸுக்குக் கொடுத்தேன். வலி பெரிதில்லை ஐயா. எலும்பு நொறுங்கும் சத்தம்தான் கொஞ்சம் சங்கடம்.

என் மனைவியின் தம்பியையும் அங்கே சேர்த்துவிட்டிருந்தேன். அவன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னான்: “மாமா, விரலைக் காட்டிக் காட்டியே எங்க உசுரை வாங்குறீங்க. டேப்பைப் பிரிக்கலைன்னா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டோம்.”

எல்லோரும் அவன் பக்கம் போய் நின்றார்கள். இரண்டு விரலுக்கு இதுதானா மரியாதை?

அன்று மாலை அவன் மெஷினில் தகடு சிக்கியது. நிறுத்தி எடுக்கிற வழக்கமெல்லாம் எங்களிடம் இல்லை. ஒருவன் உள்ளே கையை விடுவான். பட்டனருகே நிற்பவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவான். நான் கொண்டுவந்த பழக்கம்தான். நானே போய் நின்றேன்.

“தூக்கிட்டீங்களா மாமா?”

“தூக்கிட்டேன்டா, பாரு.”

பார்த்தான். நம்பிக் கையைத் தோள்வரை உள்ளே விட்டான். டேப் ஒட்டிய மெஷினுக்கு மிச்சம் ஒரு பட்டன்தானே, முழங்காலால் அழுத்தினேன்.

‘அக்கா’ என்று ஒரே ஒருமுறை கத்தினான். ரத்தம் சுவர்வரை அடித்தது. தோளுக்குக் கீழே கையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றது. தலை என் மடியில்தான் இருந்தது. அழுதேன், பொய் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒருவர் விடாமல் வேலைக்கு வந்தார்கள். டேப்பை யாரும் தொடவில்லை.

என் கையையே விட்டிருக்கலாமே என்கிறீர்கள். கொடுக்கத் தயங்குகிறவனா நான்? ஆனால் அவர்களுக்காகத் தியாகம் செய்ய ஒரு ஆள் உயிரோடு இருக்க வேண்டாமா, ஐயா?