குழாய்க்கு முந்நூறு தப்படி

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, ஏற்ற நேரத்திலிருந்து கைக்குட்டையைக் கீழே வைக்காத எங்கள் மேலாளர் ஐயா அவர்களே, பஞ்சோடு பழகிப் பஞ்சாய் நரைத்த பெரியோர்களே, ஊரார் தலைசாய்க்கத் தலையணை தைத்துவிட்டுத் தாங்கள் தலைசாய்க்க நேரமில்லாத தாய்மார்களே, தையல் இயந்திரங்களை ஓரம் தள்ளி இந்தப் பட்டறையையே மண்டபமாக்கிய தம்பிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். நாற்காலியும் தந்தார்கள், உட்கார முடியவில்லை. நெஞ்சில் ஒன்று முட்டினால் எனக்குக் கால் தரையில் பாவாது. நடந்துகொண்டேதான் பேசுவேன், மைக் ஒயரை மிதித்தால் மன்னியுங்கள்.

மூக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முகத்துக்கு முன்னே நிற்கும் மூக்கு. மூச்சுக்கு முதல் வாசலான மூக்கு. பஞ்சு நிரப்பும் பிரிவில் காலை எட்டு மணிக்கு அடைத்தால் மாலை ஆறு மணிவரை திறக்காத மூக்கு. இந்த அவையில் யாருக்கு இல்லை இந்த அடைப்பு? யார் நெற்றியில் பாரம் ஏறவில்லை? யார் கண்ணில் நீர் கட்டவில்லை?

பின் வரிசையில் என்ன சிரிப்பு? ஓ, தும்மியது மேலாளர் ஐயாவா? நூறாயுசு ஐயா, தாராளமாகத் தும்முங்கள், நான் காத்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலை குனிந்திருக்கிறாரே, அவர் என் அண்ணன் மனைவி. பதினோரு வருடமாகப் பஞ்சு நிரப்புகிறார். போன மாதம் இந்தச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். தும்மல் நிற்காதவர்கள் வருகிற ஒன்றாம் தேதி முதல் வேலைக்கு வர வேண்டாமாம். கூடவே ஒரு பெயர்ப் பட்டியல். அதில் முதல் பெயர் எங்கள் அண்ணியுடையது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கே நாள். அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். "தூசு ஒத்துக்கலைம்மா. மாத்திரை தரேன். கூடவே முகத்தை மெதுவா நீவி விடுங்க, பாரம் கொஞ்சம் இறங்கும். கண்ணு வீங்கினாலோ காய்ச்சல் அடிச்சாலோ நீவிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே வாங்க" என்றார். செய்தும் காட்டினார். மூக்கின் இருபுறமும் சுட்டுவிரலை வைத்துச் சின்னச் சின்ன வட்டம். பிறகு புருவம் தொடங்கும் இடம். பிறகு கன்ன எலும்பின் கீழே மூக்கிலிருந்து காதுப் பக்கமாக ஒரு நீவல். வலிக்கக் கூடாது, அவசரம் கூடாது. அவசரம் கூடாது என்று என்னிடம் சொன்னார் பாருங்கள்.

அன்று மாலை வீட்டில் அண்ணி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து நீவினார். கொஞ்ச நேரத்தில், "ஏய், எனக்கு சோப்பு வாசனை வருதுடி" என்றார். ஐந்து மாதத்தில் அவர் அறிந்த முதல் வாசனை. நான் அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் நிரப்பும் பிரிவில் நாற்பது பேருக்கும் பாடம் எடுத்தேன். பத்து மணி இடைவேளை, ஐந்து நிமிடம். நாற்பது பேரும் இருந்த இடத்திலேயே மூக்கோரம் விரல் வைத்து நீவினோம். என்ன ஆயிற்று? அங்கே ஒருவர் தும்மினார், இங்கே ஒருவர் தும்மினார், அப்புறம் அறையே தும்மியது. அந்தப் பட்டியலுக்காக யார் யார் தும்முகிறார்கள் என்று குறிக்கும் மேற்பார்வையாளர் பென்சிலைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார். அண்ணி என்னை முறைத்தார். "உன் வைத்தியத்துல இடி விழ. வீட்டுல திறந்த மூக்கு இங்க ஏன்டி அடைக்குது?"

மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் என் விரலைப் பார்த்தேன். நகக்கண் முழுக்கப் பஞ்சுத் தூசு. எந்தத் தூசுக்குப் பயந்தோமோ அதே தூசை நாங்களே அள்ளி மூக்கில் பூசியிருக்கிறோம்.

ஏன் கை கழுவவில்லை என்று கேட்பீர்கள். குழாய் எங்கே இருக்கிறது? வளாகத்தின் கடைசியில், காவலாளி அறைக்குப் பின்னால். நடந்து அளந்தேன். போக முந்நூறு தப்படி, வர முந்நூறு தப்படி. இருப்பது ஒரு குழாய், நிற்பது நாற்பது பேர், கிடைப்பது ஐந்து நிமிடம். சொல்லுங்கள், யார் கழுவுவது, எப்போது நீவுவது?

விரல் மாயம் செய்யாது, தோழர்களே. மூச்சுக்குச் சற்று நேரம் வழிவிடும், அவ்வளவுதான். அந்த வழியிலும் தூசை நிறுத்தினால் என்ன செய்வது? ஆகவே கேட்கிறேன். வாசலருகே ஒரு குழாய் வேண்டும். அந்தச் சுவரில் தூசை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும். அந்த அறிவிப்பு கீழே இறங்க வேண்டும். தும்முகிறவரை வெளியே அனுப்பத் தேதி குறித்துவிட்டீர்களே, தூசை வெளியே அனுப்ப என்றைக்குத் தேதி குறிப்பீர்கள்?

ஐயா, நீங்கள் இங்கே உட்கார்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பேசிக்கொண்டே எண்ணினேன், பதினேழு தும்மல். அந்தப் பட்டியலில் அண்ணிக்கு மேலே உங்கள் பெயரை எழுத வேண்டியிருக்கும்.

என்ன கேட்டீர்கள் ஐயா? "எந்த இடத்துலம்மா அழுத்தணும்" என்றா? மைக்கில் சொல்கிறேன், எல்லோரும் கேட்கட்டும். மூக்கின் ஓரத்தில் ஐயா, மெதுவாக. பொறுங்கள், பொறுங்கள், விரலைப் பாருங்கள். நாற்காலிக் கையில் படிந்த பஞ்சு அத்தனையும் உங்கள் விரலில் இருக்கிறது. முதலில் கழுவ வேண்டும்.

எனக்குத் தந்த ஐந்து நிமிடம் முடிந்தது. அடுத்த ஐந்து நிமிடம் உங்களுடையது. அண்ணி, எழுந்து ஐயாவோடு போங்கள், குழாய்க்கு வழி உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. ஐயா திரும்பி வந்து பதில் சொல்லும்வரை நாங்கள் யாரும் கலைய மாட்டோம். வணக்கம்.