ஹீரோ இல்லாத கம்பெனி பஸ்

"ஹீரோ மூஞ்சி இல்லாத கேமை எவன்மா ஆடுவான்?"

நான் உருவாக்கி வெளியிட்ட செல்போன் விளையாட்டை விலைக்குக் கேட்டவர் நேற்று சொன்னது இது. அதில் ஆடுபவர் ஓட்டும் கம்பெனி பஸ்ஸை எடுத்துவிட்டு ஒரு நடிகரின் முகத்தையும் காரையும் வைத்தால் வாங்கிக்கொள்வாராம். இன்றைக்குள் பதில் வேண்டும் என்றார்.

இன்று காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில், கம்பெனிச் சீருடை அணிந்த இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் செல்போனில் என் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, அந்த ஹீரோ கேமை தூக்கிட்டியா?"

"ஆமாக்கா. மூஞ்சி மட்டும் பெருசா கீது, ஆட ஒண்ணும் இல்ல. இதப் பாரு. ரயில்வே கேட்டு மூடிட்டா நம்ம பஸ்ஸ உட்டு எறங்கி, கேட்ட தாண்டி அந்தாண்ட நிக்கிற வேற கம்பெனி பஸ்ல தொத்திக்குவோமில்ல? அதையும் வச்சிருக்காங்க."

"அய்ய! அந்த டிரைவரு திட்டுவானே?"

"இதுலயும் திட்றான்க்கா!"

"யாரு செஞ்சதாம்?"

"தெரியல. நம்மள மாதிரி ஷிப்ட்டுக்குப் போற வூட்டு ஆளாத்தான் இருக்கும்."

என் அம்மா அப்படியொரு கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டிலேயே முதல் ஆளாக நான் படித்தேன்.

அவர்கள் கும்மிடிப்பூண்டியில் இறங்குவதற்குள், விளையாட்டை விலைக்குக் கேட்டவருக்குப் பதில் அனுப்பிவிட்டேன்: "பஸ்ஸை எடுக்க மாட்டேன், சார்."