பூஜ்யம் என்று எழுதிய வரி

மேலே கண்ட பெயரும் விலாசமும் உடைய எனக்கு வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாக புரோகிராம் எழுதி வருகிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே கோர்ட்டுக்கு வந்து சொல்வதாவது:

பம்பில் நடப்பதெல்லாம் அதன் பதிவேட்டில் வரிவரியாக ஏறும். அந்த வரிகளை எழுதுவது நான் எழுதிய ஒரு மேக்ரோ. மேக்ரோ என்பது ஒருமுறை எழுதி வைத்தால், பெயரைச் சொன்ன இடத்திலெல்லாம், புரோகிராமை மிஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் விரித்துப் போட்டுக்கொள்ளும் துண்டு. ஒவ்வொரு வரியிலும் முதலில் நேரம், அடுத்து மருந்தின் வேகம் என்று எண்களுக்கு இடம் விட்டிருக்கும். மூன்று வருடம் முன்பு நேரத்துக்கான எண்ணை இரு மடங்கு பெரிதாக்கினோம், இடங்களை மாற்றவில்லை. எண் இடத்துக்குப் பொருந்தவில்லை என்று கம்பைலர் 614 எச்சரிக்கை கொடுத்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தேன். அடிக்கடி வரும் நாற்பது வரிகளை முடிப்பதற்குள் வெறுத்துப் போனது. டீம் தலைவர், "அது சும்மா கத்திக்கிட்டேதாம்பா இருக்கும். அணைச்சுட்டு அனுப்பு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மேக்ரோவுக்குள் ஒரே வரி சேர்த்து எச்சரிக்கையின் வாயை அடைத்தேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

அதன் பிறகு சென்ற வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் கரண்ட் போய், பம்பு பேட்டரிக்கு மாறிய சமயத்தில் ஒரு நோயாளி இறந்தார். வேகத்தை நாற்பதில் வைத்திருந்ததாக நர்ஸ் சொன்னார். பதிவேட்டில் பூஜ்யம் என்று இருந்தது. மருந்தை ஓடவிடவே இல்லை என்று நர்ஸ்மேல் வழக்குப் போட்டார்கள். பதிவேடு சரிதான் என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அதன் பிறகு போன வாரம் வேறு வேலையாக அந்த அடைப்பை எடுத்தேன். மிச்ச எச்சரிக்கைகள் எல்லாம் வந்து நின்றன. அதில் ஒன்று, பேட்டரிக்கு மாறும்போது மட்டும் எழுதப்படும் வரி. பெரிய எண்ணின் பாதி நேரத்துக்கான இடத்திலும், வெறும் பூஜ்யமான மறுபாதி வேகத்துக்கான இடத்திலும் விழுந்திருந்தது. ஒரு பம்பை நாற்பதில் ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். பூஜ்யம் வந்தது. இடத்தைத் திருத்திவிட்டு மறுபடியும் பிடுங்கினேன். நாற்பது வந்தது. தலைவரிடம் காட்டினேன். "இப்பதான் சரியாயிடுச்சுல்ல, விடேன். கிளறினா நம்ம தலையிலதான் விடியும்" என்றார்.

அதன் பிறகு இன்று காலை இங்கே வராந்தா பெஞ்சில் உட்காரப் போனபோது, அங்கே இருந்த ஒரு பெண் பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டார். சாட்சி சொல்ல வந்தவனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர்தான் அந்த நர்ஸ் என்று பேச்சில்தான் தெரிந்தது. "மிஷின் பொய் சொல்லாதுங்கறாங்க தம்பி. பதினோரு மாசமா கேட்டுக் கேட்டு, நெசமாவே நான் அந்தப் பட்டனை அமுக்கலையோன்னு எனக்கே தோணிப்போச்சு" என்றார். எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதி முடித்ததும், எனக்குப் படிப்பதற்கு முன் அந்த நர்ஸுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள். எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)