பதினேழு டிகிரி

என் பென்சிலை நான் யாரிடமும் சீவக் கொடுப்பதில்லை. முனை மழுங்கினால் கோடு தடிக்கும். தடித்த கோடு வரைபடத்தில் ஒரு வீட்டையே விழுங்கிவிடும். இருபது வருஷம் சர்வேயராக இருந்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

சுருளிவேல் என்னிடம் பதினோரு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்தவன். தேவிகுளத்திலிருந்து சக்குபள்ளம் வரை நாங்கள் ஏறாத மேடு கிடையாது. காம்பஸ் பார்க்க நான்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரே டிகிரியை விடாமல் பிடித்து நடந்தால், மூடுபனியில் கண் மறைத்தாலும் கால் நேராகப் போகும்.

அவன் இடுப்பில் இடப்பக்கம் எப்போதும் ஒரு வாக்கத்தி தொங்கும். காம்பஸை எடுக்கும்போதெல்லாம், "சுருளி, கத்தியக் கழட்டு" என்பேன். கழற்றி மரத்தில் கொத்தி வைப்பான்.

"வெட்டிப்புடுவேன்னு சாருக்குப் பயம்" என்று சிரிப்பான்.

நானும் சிரிப்பேன். காரணத்தைச் சொன்னதில்லை.

எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் சிக்கல் வந்தது. நான் முன்பு போட்ட எல்லைக்கோட்டை வைத்து, பன்னிரண்டு வீடுகள் காட்டுநிலத்தில் இருப்பதாக நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். சுருளியின் கொழுந்தியாள் பூமாரி வீடும் அதில் ஒன்று. அவள் விறகு பொறுக்கப் போன இடத்தில் பழைய எல்லைக்கல் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அந்தக் கல் சரியென்றால் என் கோடு தப்பு.

"வெள்ளிக்கிழமை தாசில்தார்ட்ட சொல்லிருவேன் சார். உங்க மேல கோவமில்ல. பிள்ளகுட்டிய வச்சிக்கிட்டு அவுக எங்க போவாக?" என்றான் சுருளி.

நியாயமான பேச்சு. "சொல்லு. முதல்ல கல்லைக் கண்ணால பாத்துரு" என்றேன்.

வியாழன் காலை மேட்டில் நின்றோம். பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. காம்பஸை அவன் கையில் கொடுத்தேன்.

"தொண்ணூறு டிகிரி. எழுநூறு அடியில கல்லு."

"நீங்க வரலையா?"

"முட்டி வலிக்குது."

பழக்கத்தில் அவன் கை இடுப்புக்குப் போனது. "கத்தி, சார்?"

"இருக்கட்டும். புதர் வெட்ட வேணுமே."

"அப்பாடா, பதினோரு வருசங்கழிச்சு சாருக்குப் பயம் தெளிஞ்சிருச்சு" என்றபடி நடந்தான்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. "தொண்ணூறுலதான் போறேன், சார்!"

அதன்பிறகு சத்தமில்லை.

பனியில் வழி தவறி விழுந்து செத்தான் என்று எழுதி முடித்தார்கள். பன்னிரண்டு வீடுகளும் அந்த மாதமே காலியாயின. அவன் மனைவி முத்துப்பேச்சி காம்பஸைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணாடிகூட உடையவில்லை. மூன்று வருஷமாகிறது. பனி இறங்கும் காலையில் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். ஆனாலும் "தொண்ணூறுலதான் போறேன், சார்" என்று கேட்கிறது. நான் பதில் சொல்வதில்லை. சரியாகப் போகிறவனிடம் என்ன சொல்வது?

நான் தள்ளவில்லை. பொய்யும் சொல்லவில்லை. தொண்ணூறு சரியான எண். புதர் இருந்ததும் உண்மை. இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் ஊசி பிசகும் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அவன் பள்ளிக்குப் போகாதது என் குற்றமா?

விசாரணைக்கு நீங்கள் எடுத்துவந்த வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றன. ஒன்று கல்லுக்குப் போகிறது. மற்றதை முந்தின நாள், புதன்கிழமை போட்டேன். அதே மாதிரி ஒரு வாக்கத்தியை என் இடுப்பில் கட்டிக்கொண்டு ஊசியின் பிசகை அளந்தேன். இடப்பக்கம் பதினேழு டிகிரி. கோடு முடியும் இடம் பாறை விளிம்பு.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு மெல்லிய கோடு.